ரிக்கோ ஜீஆர் 2 போதுமா, ஜீஆர் 3 வேண்டுமா?

என் அண்ணனின் மகள் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கிறாள். கொழும்பின் பழைய வீடுகளையும் கடைகளையும் அவை இடிபடுவதற்கு முன்னர் படமெடுத்து வைப்பதை, கடந்த ஒரு வருடமாகப் பாடத்துக்கு அப்பாற்பட்ட ஒரு கடமையாகவே அவள் செய்து வருகிறாள். கொட்டாஞ்சேனையிலும் ஜம்பட்டா வீதியை ஒட்டிய ஒழுங்கைகளிலும் எஞ்சியிருக்கும் ஓட்டுக்கூரை வீடுகள், சிவப்புச் சீமெந்துத் தரைகள், கம்பி போட்ட யன்னல்கள், கதவுநிலைக்கு மேலே காற்றுக்காக மரத்தில் குடைந்த பூவேலைகள், கடை முகப்புகளில் கையால் எழுதிய மும்மொழிப் பெயர்ப்பலகைகள் ஆகியவைதாம் அவளுடைய படங்களில் நிறைந்திருக்கும். இதுவரை கைத்தொலைபேசியால் எடுத்துவந்தவள் நல்லதொரு சிறிய கமரா வேண்டுமென்று கேட்டபோது, 2016 முதல் நான் பாவித்துவரும் ரிக்கோ ஜீஆர் 2-ஐ எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அதே வாரத்தில் ரொறன்ரோவிலுள்ள அவளுடைய மாமா, தான் மார்கழியில் வரும்போது நல்ல நிலையிலுள்ள பாவித்த ஜீஆர் 3 ஒன்றை வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டார். "சித்தப்பா, உங்களுடையதே போதுமென்றால் மாமாவின் காசை மடிக்கணினிக்கு வைத்துக்கொள்வேன். போதுமா, போதாதா என்று யோசித்துச் சொல்லுங்கள்" என்றாள்.

யோசித்துச் சொல்வதற்கு இரண்டையும் கையில் வைத்துப் பார்க்கவேண்டும் என்பதால், நண்பர் ஒருவரிடம் ஜீஆர் 3-ஐ ஐந்து வாரங்களுக்கு இரவல் வாங்கி, சட்டைப்பையில் ஒன்றும் காற்சட்டைப்பையில் ஒன்றுமாகப் புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை என்று நடந்தேன். ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், இரண்டாலும் படமெடுத்தேன். அவளுக்குச் சொன்னவற்றையே இங்கு விரிவாக எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கும் வேறு சிலருக்கும் இது பயன்படக்கூடும்.

ஜீஆர் என்ற பெயர் 1996-இல் வெளிவந்த ஜீஆர் 1 என்ற பிலிம் கமராவிலிருந்து தொடங்குகிறது. ஜப்பானின் வீதிப்படக் கலைஞர் டைடோ மொரியாமா கையாண்ட கமராக்கள் என்பதால் இந்த வரிசைக்குத் தனி மதிப்பு உண்டு. 2005-இல் டிஜிட்டல் வடிவம் வந்தது. 2013-இல் வந்த ஜீஆரில்தான், மாற்றுவில்லைக் கமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி அளவுச் சென்சர் (வெளிச்சத்தைப் படமாகப் பதியும் தகடு) சட்டைப்பையில் அடங்கும் ஓர் உடலுக்குள் வைக்கப்பட்டது. 2015-இல் வெளியான ஜீஆர் 2 அந்தக் கமராவுக்கு வைஃபை முதலிய சில வசதிகளைச் சேர்த்ததே தவிர, அதன் 16 மெகாபிக்சல் சென்சரையும் வில்லையையும் மாற்றவில்லை. ஆகவே என் கையிலிருப்பது உண்மையில் 2013-ஆம் ஆண்டின் கமரா என்றே கொள்ளவேண்டும். 2019 மார்ச்சில் விற்பனைக்கு வந்த ஜீஆர் 3 வெளித்தோற்றத்தில் அதே குடும்பச் சாயலோடு இருந்தாலும், சென்சர், வில்லை, குவியமுறை, திரை, பற்றரி ஆகிய எல்லாமே அதில் புதியவை.

இரண்டிலும் மாறாமல் இருப்பது பார்வைக் கோணம். 18.3 மில்லிமீற்றர் வில்லை, எஃப் 2.8 துளை (வெளிச்சம் புகும் வாய்; எண் கூடினால் துளை சிறுக்கும்), பழைய பிலிம் கணக்கில் 28 மில்லிமீற்றருக்குச் சமமான அகலம். ஸூம் இல்லை, கண்ணை வைத்துப் பார்க்கும் காட்சிக்கண்ணாடி இல்லை, திரை மடியாது. தூரத்தில் நிற்கும் ஒன்றைக் கிட்டக் காட்ட விரும்புபவருக்கு இவை இரண்டும் பயன்படமாட்டா. ஆனால் செட்டியார் தெருவின் நகைக்கடை வாசலில் எதிர்ச்சாரியில் நின்றுகொண்டு கடையின் முகப்பு முழுவதையும் அடக்கவும், ஒடுங்கிய வீட்டுக் கூடத்தில் சுவரோடு முதுகை ஒட்டி நின்று எதிர்ச்சுவரைப் பதியவும் இந்த அகலம் போதும். ஒரு அங்குலச் சென்சர் என்று அழைக்கப்படும் சிறிய சென்சரைவிட இவற்றின் சென்சர் ஏறக்குறைய மூன்று மடங்கு பரப்புடையது. கைத்தொலைபேசியிலிருந்து மாறுகிறவருக்கு இந்த வேறுபாடு, இரண்டு ஜீஆர்களுக்கும் இடையிலுள்ள எந்த வேறுபாட்டையும்விடப் பெரிது. அதனால்தான் என் பழையதையே எடுத்துக்கொள் என்று முதலில் வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டேன்.

அளவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஜீஆர் 2-இன் அகலம் 117 மில்லிமீற்றர், ஜீஆர் 3-இன் அகலம் 109.4 மில்லிமீற்றர். பற்றரியோடும் மெமரி கார்டோடும் முதலாவது 251 கிராம், இரண்டாவது 257 கிராம். சட்டைப்பைக்கு இரண்டும் ஒன்றே. பெரிய வில்லையோடு ஒரு கமராவைத் தூக்கினால் புறக்கோட்டையில் நான்கு பேர் நின்று பார்ப்பார்கள், கோட்டைப் பக்கத்தில் பாதுகாப்பு ஊழியர் ஒருவர் எதற்கு என்று விசாரிப்பார். இந்தச் சிறிய கறுப்புப் பெட்டியை யாரும் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. ஷட்டர் வில்லைக்குள்ளேயே இருப்பதால் ஓசையும் அநேகமாகக் கேட்காது. அனுமதி பெற்றுக்கொண்டு கோவிலுக்குள்ளோ தேவாலயத்துக்குள்ளோ படமெடுக்கும்போது, கும்பிட வந்தவருக்கு இடைஞ்சல் இல்லாதிருப்பது ஒரு பெரிய நிம்மதி.

இனி, இரண்டையும் பிரிக்கும் முதலாவது விடயத்துக்கு வருகிறேன். ஜீஆர் 3-இன் சென்சர் அசையும் தளமொன்றில் பொருத்தப்பட்டிருக்கிறது. கை நடுங்கும் திசைக்கு எதிராக அது மூன்று அச்சுகளில் நகர்ந்து நடுக்கத்தை ஈடுசெய்கிறது. நான்கு படிகள் (ஒரு படி என்றால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் இரட்டிப்பாவது) அளவுக்கு இது உதவும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. ஜீஆர் 2-இல் ஒளிப்படங்களுக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை. 28 மில்லிமீற்றர் பார்வைக்கு, கையில் பிடித்தபடி நம்பி எடுக்கக்கூடிய மெதுவான வேகம் 1/30 செக்கன் என்பது பழைய வழக்கு. நான் மூச்சை அடக்கி, தூணில் சாய்ந்து எடுத்தால் ஜீஆர் 2-இல் 1/15 வரை சில படங்கள் தப்பும்.

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோவிலை எடுத்துக்கொள்வோம். பொன்னம்பல முதலியார் எழுப்பிய கோவிலை அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் முழுவதும் கருங்கல்லால் திருப்பிக் கட்டுவித்தார். கருங்கல் வெளிச்சத்தை விழுங்கிவிடும். பகல் பதினொரு மணிக்கும் உள்மண்டபத்தில் விளக்கொளியும் மேலிருந்து வழியும் கொஞ்ச வெளிச்சமுமே உண்டு. நிர்வாகத்தினரிடம் கேட்டு, பூசை இல்லாத வேளையில் தூண்வரிசையை இரண்டு கமராக்களாலும் எடுத்தேன். ஜீஆர் 2-இல் எஃப் 2.8, 1/30 செக்கன் என்று வைத்தபோது ஐஎஸ்ஓ (சென்சரின் ஒளியுணர்வு; கூட்டினால் படத்தில் பொடி விழும்) 3200 தேவைப்பட்டது. ஜீஆர் 3-இல் அதே துளையோடு 1/8 செக்கன் வைக்க முடிந்ததால் ஐஎஸ்ஓ 800 போதுமாக இருந்தது. கணினித் திரையில் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தபோது, முதலாவதில் தூணின் செதுக்கு வேலைகள் மணல் தூவியதுபோல் நொருங்கிக் கிடந்தன. இரண்டாவதில் உளி பட்ட தடம் தெரிந்தது. சென்சர் புதியது என்பதால் வரும் முன்னேற்றமும் இதில் கொஞ்சம் உண்டு. ஆனால் பெரும்பங்கு அந்த அசையும் தளத்தினுடையதே.

கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளுக்கு உள்ளே நிலைமை இதைவிட மோசம். தெருப்பக்கத்தில் ஒரு யன்னல், நடுவில் ஒரு சிறிய முற்றம், இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள அறைகளில் பகலிலும் மங்கல். முக்காலி கொண்டுபோனால் வீட்டுக்காரர் தயங்குகிறார், வங்கிக்காகவோ வழக்குக்காகவோ படமெடுக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் பேச்சுக் கிளம்புகிறது. கையில் அடங்கும் கமரா ஒன்றோடு போய், ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரத்துக்குள் அறைகளை எடுத்துக்கொண்டு வருவதுதான் நடைமுறைக்கு ஒத்த வழி. அதற்கு ஜீஆர் 3 கொடுக்கும் இரண்டு அல்லது மூன்று படிகள் ஆடம்பரமானவை அல்ல. படம் உண்டா இல்லையா என்பதையே அவை தீர்மானிக்கின்றன.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்தவேண்டும். நடுக்கத்தை ஈடுசெய்யும் ஏற்பாடு கமராவின் அசைவை மட்டுமே சரிப்படுத்தும், எதிரே அசைபவரை அது நிறுத்தாது. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் புறப்படும் ஆடிவேல் ஊர்வலத்தில் காவடி ஆடுகிறவரை இரவில் 1/8 செக்கனில் எடுத்தால், பின்னால் நிற்கும் கட்டடம் கல்போல் தெளிவாக இருக்கும், ஆடுகிறவர் புகையாகப் போயிருப்பார். அதை விரும்பிச் செய்வோரும் உண்டு. அவருடைய முகமும் வியர்வையும் வேண்டுமென்றால் பிளாஷ் வேண்டும். அந்தப் பிளாஷ் ஜீஆர் 2-இல் உடலோடு சேர்ந்து இருக்கிறது, ஒரு பொத்தானை நகர்த்தினால் மேலெழும்பும். ஜீஆர் 3-இலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். மேலே தனிப் பிளாஷ் பொருத்தலாம், பொருத்தினால் கமரா சட்டைப்பைக்குள் போகாது. வில்லைக்குள் இருக்கும் ஷட்டர் என்பதால் வெயிலிலும் வேகமான ஷட்டரோடு பிளாஷைச் சேர்த்துப் பாவிக்கலாம். உச்சி வெயிலில் தொப்பி போட்டு நிற்கும் மரக்கறி வியாபாரியின் முகத்து நிழலை நிரப்ப இதைவிடச் சுலபமான வழியை நான் அறியேன். மனிதரை நெருங்கி நின்று எடுப்பவர் ஜீஆர் 2-ஐக் கைவிடுவதற்கு முன் இதை நன்றாக எண்ணிப் பார்க்கவேண்டும். இணையத்தில் எழுதுகிறவர்கள் நடுக்க ஈட்டைப் புகழும் அளவுக்கு இந்தச் சின்னப் பிளாஷின் இழப்பைப் பற்றி எழுதுவதில்லை என்பது என் குறை.

எனக்கு மனவருத்தம் தந்த இன்னொரு மாற்றம், பின்பக்கத்தில் பெருவிரலுக்குக் கீழே இருந்த கூட்டல் கழித்தல் பொத்தான். இரண்டாம் குறுக்குத் தெருவில், 1909-இல் கட்டி முடிக்கப்பட்ட சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலின் முன் நின்றால் இதன் அருமை விளங்கும். சிவப்பும் வெள்ளையுமான கோடுகள் வெயிலில் பளபளக்க, அதன் அடியிலேயே கடைத் தாழ்வாரங்களின் கருநிழல் கிடக்கிறது. கமராவின் கணக்கை நம்பினால் ஒன்றில் வெள்ளைக் கோடுகள் வெந்துபோகும், அல்லது நிழலில் நிற்பவர் மறைந்துபோவார். ஜீஆர் 2-இல் பெருவிரலை ஒரு நூல் நகர்த்தினால் வெளிச்சம் கூடும், குறையும். கமராவைக் கண்ணுக்குத் தூக்குவதற்கு முன்பே, இடுப்பளவில் வைத்துக்கொண்டே இதைச் செய்துவிடலாம். ஜீஆர் 3-இல் இந்த வேலையை மேலேயுள்ள சிறு நெம்புகோலிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அதுவும் இயங்கும், இரண்டு வாரங்களில் கை பழகிவிடும், என்றாலும் மற்ற வேலைகளுக்கும் அதே நெம்புகோல் என்பதால் அவசரத்தில் தடுமாற்றம் வருகிறது. 2025-இல் வெளியான ஜீஆர் 4-இல் அந்தப் பொத்தான்களை ரிக்கோ திரும்பவும் கொண்டுவந்ததைப் பார்க்கும்போது, வருந்தியவன் நான் மட்டுமல்ல என்று தெரிகிறது.

தொடுதிரை ஜீஆர் 3-இல் மட்டும் உண்டு. குவியவேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டுவது கைத்தொலைபேசியில் வளர்ந்தவர்களுக்கு இயல்பாக வரும். என் பெறாமகள் ஜீஆர் 2-ஐக் கையில் வாங்கியதும் முதலில் செய்தது திரையைத் தொட்டுப் பார்த்ததுதான். மழைத்துளி விழுந்த திரையும் வியர்த்த விரலும் சேரும்போது தொடுதிரை தன்பாட்டுக்கு இயங்கும், அப்போது அமைப்பில் போய் அதை நிறுத்திவிடலாம்.

குவியத்தைப் பொறுத்தவரை, ஜீஆர் 2 படத்தின் தெளிவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தே இடத்தைக் கண்டுபிடிக்கும். வெளிச்சம் குறைந்தால் முன்னும் பின்னும் தேடி அலையும். ஜீஆர் 3 அதனுடன் கட்ட வேறுபாட்டை (வில்லையின் இரு பக்கங்களிலிருந்து வரும் ஒளியின் விலகலை) அளக்கும் முறையையும் சேர்த்திருப்பதால், பகல் வெளிச்சத்தில் உடனே பிடிக்கிறது, மங்கலில் சற்றுத் தயங்கினாலும் பழையதைவிட நம்பத்தக்கது. வீதியில் எடுப்பவருக்கு இது அவ்வளவு முக்கியமில்லை. ஏனென்றால் குவியத்தை ஒரு தூரத்தில் முன்கூட்டியே நிறுத்திவைத்து, பொத்தானை முழுவதாக அழுத்தியவுடன் அந்தத் தூரத்திலேயே படம் பதியச் செய்யும் ஏற்பாடு இரண்டிலும் இருக்கிறது. துளையை எஃப் 8-இல் வைத்து 2.5 மீற்றரில் நிறுத்தினால், ஏறத்தாழ 1.1 மீற்றரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் போதிய தெளிவோடு விழும். கொம்பனித் தெருவிலும் மருதானையிலும் பல வருடங்களாக நான் எடுத்த படங்களில் பெரும்பாலானவை இப்படி எடுத்தவையே. தானியங்கிக் குவியத்தை அங்கே நான் தொடுவதே இல்லை. இந்த ஒரு வேலைக்கு மட்டும் கமரா வாங்குபவர் புதியதற்குச் செலவழிக்கத் தேவையில்லை என்றே சொல்வேன்.

மிக அருகில் போய் எடுப்பதில் ஜீஆர் 3 கொஞ்சம் முன்னே நிற்கிறது. குளோசப் அமைப்பில் ஜீஆர் 2 வில்லையிலிருந்து 10 சென்றிமீற்றர் வரை நெருங்கும், ஜீஆர் 3 ஆறு சென்றிமீற்றர் வரை நெருங்கும். கள்ளிக்கோட்டை ஓட்டின் முதுகில் பொறித்திருக்கும் எழுத்துகளையும், பழைய பூட்டின் மேலுள்ள முத்திரையையும் பதிந்து வைக்க விரும்பும் என் பெறாமகளுக்கு இது உதவும்.

16 மெகாபிக்சலுக்கும் 24 மெகாபிக்சலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் தேவைக்கு மேல் பெரிதாகப் பேசுகிறார்கள். 4928 புள்ளிகள் 6000 புள்ளிகளாகின்றன, அதாவது ஒரு பக்கத்தின் நீளம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூடுகிறது. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று அச்சிட்டால் ஜீஆர் 2-இன் படம் 16 அங்குலமும் ஜீஆர் 3-இன் படம் 20 அங்குலமும் அகலமாக வரும். சுவரில் மாட்டினால் பத்தடி தள்ளி நிற்பவருக்கு இரண்டும் ஒன்று. ஆனால் வேறொரு விதத்தில் இந்தக் கூடுதல் புள்ளிகள் உண்மையாகவே பயன்படுகின்றன. ஜீஆர் 3-இல் ஓரங்களை வெட்டி 35 மில்லிமீற்றர் பார்வைக்கு வந்தால் ஏறக்குறைய 15 மெகாபிக்சல் மிஞ்சும். அது ஜீஆர் 2-இன் முழுப் படத்துக்குச் சமம். ஆக, ஜீஆர் 3-ஐ வைத்திருப்பவரிடம் இரண்டு வில்லைகள் இருக்கின்றன என்று சொல்வது மிகையாகாது. 28-இன் அகலத்தில் கட்டடக் கோடுகள் மேலே போகப்போகச் சரிந்து கூம்புவது பெரிய தொல்லை, அதைக் கணினியில் நிமிர்த்தும்போதும் ஓரங்கள் வெட்டுப்படும். கட்டடம் எடுப்பவருக்குக் கைவசம் கூடுதல் புள்ளிகள் இருப்பது அப்போதும் உதவும். இரண்டுமே டிஎன்ஜி என்ற பொது வடிவில், சென்சர் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் மூலக்கோப்பைத் தருவதால் கணினியில் திறப்பதற்குத் தனியாக எதுவும் வேண்டியதில்லை.

பற்றரியில் ஜீஆர் 2-க்கே வெற்றி. ஒருமுறை மின்னேற்றினால் 320 படங்கள் என்பது அதன் தர அளவு, ஜீஆர் 3-க்கு அது 200 மட்டுமே. உடலைக் குறுக்கியதற்கும் நடுக்க ஈட்டுக்கும் கொடுத்த விலை இது. தொடர்ந்து பாவித்தால் ஜீஆர் 3-இன் உடல் கையில் சூடாகத் தெரிவதும் உண்டு. காலையில் வெள்ளவத்தையில் புகையிரதம் ஏறி, கோட்டையில் இறங்கி, மாலைவரை நடப்பவர் மேலதிகமாக இரண்டு பற்றரிகளையாவது வைத்திருக்கவேண்டும். யூஎஸ்பி-சி வழியாகக் கமராவுக்குள்ளேயே மின்னேற்றலாம் என்பதால், கைத்தொலைபேசிக்குக் கொண்டுபோகும் பவர் பேங்கே இதற்கும் போதும் என்பது ஓர் ஆறுதல்.

வீடியோவைப் பற்றி ஒரு வரி போதும்: இரண்டிலும் முழு எச்டிக்கு மேல் கிடையாது, வீடியோவுக்காக இவற்றில் எதையும் வாங்கவேண்டாம்.

கொழும்பில் இருப்பவர் தூசியையும் ஈரத்தையும் பற்றி மற்ற ஊராரைவிட அதிகமாக எண்ணவேண்டும். இந்தக் கமராக்கள் இரண்டும் நீர்த்துளிக்கோ தூசிக்கோ எதிராக அடைக்கப்பட்டவை அல்ல. மின்னைப் போட்டதும் வில்லைக் குழாய் வெளியே நீள்கிறது, நிறுத்தியதும் உள்ளே இழுபடுகிறது, ஒவ்வொரு முறையும் காற்றும் அதோடு தூசியும் உள்ளே போகின்றன. வில்லையைக் கழற்ற முடியாதபடியால் சென்சரில் ஒட்டிய தூசியை நாமாகத் துடைக்க வழியில்லை, கமராவைப் பிரிக்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்கவேண்டும். ஜீஆர் 3-இல் சென்சரை நுண்ணதிர்வால் உலுக்கித் தூசியை உதிர்க்கும் ஏற்பாடு இருக்கிறது. ஜீஆர் 2-இல் அது இல்லை. எல்லாத் தூசியையும் இது நீக்கிவிடும் என்று சொல்லமாட்டேன், ஆனாலும் சீமெந்துப் பொடியும் சுண்ணாம்பும் பறக்கும், பாதி இடிந்த வீடுகளுக்குள் போகிறவருக்கு இது நடுக்க ஈட்டுக்கு அடுத்தபடியான காரணம். ஆகவே அத்தகைய இடங்களில் கமராவை அடிக்கடி போட்டு நிறுத்தாமல், வெளியே வரும்வரை போட்டபடியே வைத்திருப்பது நல்லது.

ஈரத்துக்கு எந்தக் கமராவும் விலக்கல்ல. பல வருடங்களுக்கு முன், கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்த எங்கள் வெள்ளவத்தை வீட்டு அலுமாரிக்குள் தோலுறையோடு ஒரு கமராவை ஒரு மழைக்காலம் முழுவதும் மூடிவைத்து, திறந்து பார்த்தபோது வில்லைக்குள் சிலந்திவலைபோல் பூஞ்சை படர்ந்திருந்தது. பிழை என்னுடையது. தோலுறை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்று அப்போது அறிந்திருக்கவில்லை. அன்றிலிருந்து காற்றுப்புகாத பிளாஸ்ரிக் பெட்டியும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் என் வீட்டில் அரிசிப் பானையைப்போல் நிரந்தரமானவை. கடற்கரையில் எடுத்துவிட்டு வந்தால், பெட்டிக்குள் வைப்பதற்கு முன் மென்மையான துணியால் உடல் முழுவதையும் துடைக்கவேண்டும், உப்புக்காற்று பொத்தான்களின் இடுக்கில்தான் முதலில் வேலையைக் காட்டும்.

பாவித்ததை வாங்குபவர், துளையை எஃப் 16-இல் வைத்து வெளிறிய வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கட்டும். சென்சரில் தூசி இருந்தால் சாம்பல் நிறப் பொட்டுகளாகத் தெரியும். கைவிளக்கை வில்லைக்குள் சாய்வாக அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வில்லைக் குழாய் தயங்காமல் நீள்கிறதா, முன்பக்கச் சில்லும் பின்பக்கச் சில்லும் ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒவ்வொரு படி நகர்கின்றனவா, ஒன்றைத் தாண்டி ஒன்றுக்குப் பாய்கின்றனவா என்பதையும் கவனிக்கவேண்டும். ரொறன்ரோவிலோ லண்டனிலோ உறவினர் வாங்கி வருவதானால், இந்தப் பட்டியலை அவருக்கு அனுப்பிவைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் அனுப்பினேன்.

விலையைச் சொல்லாமல் ஒப்பீடு முழுமையாகாது. வெளிவந்தபோது அமெரிக்காவில் ஜீஆர் 2-இன் விலை ஏறக்குறைய 800 டொலர், ஜீஆர் 3-இன் விலை ஏறக்குறைய 900 டொலர். அங்குள்ளவருக்கு அந்த நூறு டொலர் ஒரு பொருட்டல்ல. நமக்குக் கதை வேறு. ஜீஆர் 3 வந்த 2019-இல் 900 டொலர் என்பது நம் காசில் சுமார் ஒரு இலட்சத்து அறுபதாயிரம் ரூபாய். 2022-இன் வீழ்ச்சிக்குப் பிறகு, டொலர் முந்நூறு ரூபாயை அண்டி நிற்கும் நிலையில், அதே 900 டொலர் இரண்டு இலட்சத்து எழுபதாயிரம். இங்கே கடையில் புதிதாக ஒன்றை வாங்கினால், 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக உயர்ந்திருக்கும் பெறுமதி சேர் வரியும் அதில் ஏறியிருக்கும். ஒரு குடும்பத்தின் பல மாதச் செலவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு புறக்கோட்டையில் நடப்பது எவருக்கும் இலேசான காரியமல்ல. ஆகவே "புதியது நல்லது, வாங்கு" என்று வாயால் சொல்லிவிட என்னால் முடியவில்லை. பாவிப்பவருக்கு அந்த மேலதிகக் காசு எந்தப் படத்தைப் பெற்றுத்தரும் என்று கேட்டுத்தான் சொல்லவேண்டும்.

இந்தக் கேள்வியோடு தொடர்புடைய மற்ற இரண்டு கமராக்களையும் தொட்டுச் செல்கிறேன். 2021-இல் வந்த ஜீஆர் 3எக்ஸ் 40 மில்லிமீற்றர் பார்வை கொண்டது. முகங்களுக்கு அழகானது, சிறிய அறைக்குள் நிற்பவருக்குப் போதாது. ஜீஆர் 4 எல்லா வகையிலும் மேம்பட்டதாகவே தெரிகிறது, அதன் 1500 டொலர் விலையை மாணவி ஒருத்திக்காக யாரிடமும் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

ஐந்து வாரங்கள் முடிந்து கமராவைத் திருப்பிக் கொடுத்த அன்று மாலை, பெறாமகளை வீட்டுக்கு அழைத்து அவள் கடந்த ஒரு வருடத்தில் எடுத்த படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தோம். எத்தனை கூரைக்கு அடியில், எத்தனை வெயிலில் என்று எண்ணச் சொன்னேன். மூன்றில் இரண்டு பங்கு வீட்டுக்குள் எடுத்தவை. மனிதர் அநேகமாக எதிலும் இல்லை, இருந்தாலும் நாற்காலியில் அசையாமல் அமர்ந்திருக்கும் வீட்டுக்காரப் பாட்டியாகவே இருந்தார். பிளாஷும் பெருவிரல் பொத்தானும் நீண்டு உழைக்கும் பற்றரியும் எனக்குப் பெரியவை, ஏனென்றால் நான் தெருவில் நிற்பவன். அவள் எடுப்பது அசையாத சுவரை, மங்கிய வெளிச்சத்தில், தூசிக்கு நடுவில். இந்த மூன்றுக்கும் ஜீஆர் 3-இல் விடை இருக்கிறது, என்னுடையதில் இல்லை. மாமாவின் காசைக் கமராவுக்கே செலவழிக்கும்படி சொன்னேன். மடிக்கணினி இன்னும் ஒரு வருடம் தாங்கும். இரண்டு மேலதிகப் பற்றரிகளும் காற்றுப்புகாத பெட்டியும் என் பங்கு.

அவள் இப்போது பதிந்துகொண்டிருக்கும் கொட்டாஞ்சேனை வீட்டைத் தைப்பொங்கல் கழிந்ததும் இடிக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மார்கழி நடுப்பகுதிக்குள் கமரா வந்துவிட்டால் உள்ளறைகளுக்கு இரண்டு மூன்று வாரங்கள் கிடைக்கும் என்று மாமாவுக்கு எழுதியிருக்கிறேன். அதுவரை என்னுடைய ஜீஆர் 2 அவளிடம் இருக்கும். முகப்பு, முற்றம், வெயில் விழும் பின்படிக்கட்டு ஆகியவற்றை அதனால் எடுத்து முடித்துவிடலாம்.